தொகுப்பு முறையும் இலக்கியச் சுவையும்: எட்டுத்தொகை முதல் சமாஜப் பதிப்பு வரை

ஒரு காலத்தின் இலக்கியச் சுவையை அறிய, தொகை நூல்களில் எந்தப் பாடல்கள் இடம்பெற்றன என்று பார்ப்பது வழக்கம். அவற்றை எந்த முறையில் அடுக்கினார்கள் என்பதும் அதே அளவு முக்கியமான சான்று. தொகுத்தவர் கைக்கொண்ட வரிசையில், அவர் காலத்தவர் பாட்டில் எதைத் தேடினர் என்பது வெளிப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்த் தொகுப்பு மரபின் நான்கு கட்டங்களை இந்த நோக்கில் ஆராய்கிறது.

1. அடியும் திணையும்

எட்டுத்தொகையின் அகநூல்கள் மூன்றை அடியளவே பிரிக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக, 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றின் வரிசை இன்னும் நுட்பமானது. ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். ஏடு சிதைந்தாலும் இழந்த பாட்டின் திணையை எண்ணே காட்டிவிடும்.

இந்த அடுக்கில் புலவர் பெயருக்கு வேலை இல்லை. குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்த சிலர், தம் பாட்டிலுள்ள தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று வழங்கப்பட்டனர். ஆள் மறைந்தும் காட்சி நின்றது. திணை மரபுக்குள் ஒரு காட்சி எவ்வளவு கூர்மையாக அமைந்தது என்பதே அன்றைய சுவைஞரின் அளவுகோல் என்று கொள்ள இது இடம் தருகிறது.

2. பொருளும் அறமும்

15ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் புறத்திரட்டு வேறு வழியில் செல்கிறது. திருக்குறளைப் போல அதிகாரம் வகுத்து, பல நூல்களின் செய்யுட்களை அவ்வத் தலைப்பில் சேர்க்கிறது. புறநானூற்றுப் பாடல்களும் அதில் உண்டு. ஆனால் அவை பாடப்பட்ட சூழலைவிட, அவை சொல்லும் பொருளே அங்கே முதன்மை பெறுகிறது. இந்நூலை எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்தார். வளையாபதி, தகடூர் யாத்திரை போன்ற மறைந்த நூல்களின் செய்யுட்கள் பல இதனால் பிழைத்தன. முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதியும் இதிலிருந்து வந்ததே. பின்னாளில் ரசிகமணி டி.கே.சி. அச்செய்யுட்களைத் தலைப்புகளிலிருந்து விடுவித்துக் கவிதையாகவே கொண்டாடினார். பொருளுக்காகக் காக்கப்பட்டவை உணர்ச்சிக்காகப் படிக்கப்பட்டன.

3. புலவரும் சாதுரியமும்

இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் வேண்ட, தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடல் திரட்டு 1862இல் அச்சேறியது. இங்கே புலவரே நடுநாயகம். காளமேகம், இரட்டையர், ஔவையார் என ஆள்வாரியாகப் பாடல்கள் அமைந்தன. பாட்டோடு அது பிறந்த கதையும் வழங்கியது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் சிலேடையை நொடியில் கட்டுவது புலமைக்கு உரைகல்லாயிற்று. சபையில் கேட்டு வியக்கும் சுவை இது.

4. காலமும் வரலாறும்

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றை ஐயர் அடுக்க, முதலியார் அவற்றை வியக்காமல் சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் பற்றிக் கேட்டார். அதுவரை பெருமையாக இருந்த படிப்பு, ஒரே கேள்வியில் போதாததாயிற்று. அதன்பின் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை (1887), ஐயரின் புறநானூறு (1894) என எட்டுத்தொகை ஒவ்வொன்றாக அச்சில் வந்தது.

1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சமாஜப் பதிப்பு, பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் ஒருங்கே திரட்டி, பாடல்களைப் புலவர்வாரியாக அடுக்கியது. தனிப்பாடல் திரட்டும் இதையே செய்தது, நோக்கம்தான் வேறு. திரட்டு புலவரின் சாதுரியத்தைக் காட்டியது. சமாஜப் பதிப்பு அவர் காலத்தையும் தொடர்புகளையும் ஆராய வழி செய்தது.

முடிவு

ஆகவே, சுவை மாற்றம் என்பது பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்பது மட்டுமன்று; அதே பாட்டை வேறு வரிசையில் வைத்துப் படிப்பதும் ஆகும். திணை, அதிகாரம், புலவர், காலம் என எந்த அடுக்கும் ஒன்றைத் துலக்கி மற்றொன்றை மறைக்கிறது. பழைய தொகை நூலைப் படிப்பவர், அதன் பாடல்களை மதிப்பிடுமுன் அதன் வரிசையைப் படிக்க வேண்டும். இன்றைய பாடநூல்களுக்கும் தேர்வுத் தொகுப்புகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.