எந்த மரக்கால்?

பழைய முகத்தலளவை வாய்பாடு பார்வைக்குச் சீரானது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. மரக்கால் என்பதும் அதுவே. 12 மரக்கால் ஒரு கலம். இதை வைத்துக்கொண்டு கல்வெட்டு நெல்லையெல்லாம் லிட்டராக்கிக் காட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பக் கூடாது என்பேன். வாய்பாடு தருவது விகிதத்தை. ஏனம் எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதே இல்லை. கலம் என்றாலே ஏனம்தானே? ஏனம் மாறினால் அளவும் மாறும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வெட்டுவித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வெறுமனே மரக்கால் என்று விடாமல், ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்கால், இராசகேசரி என்ற அளவுக்கு ஒத்தது என்று குறிக்கிறார்கள். வேறு மரக்கால்களும் புழங்கிய நாட்டில்தான் ஒரு மரக்காலுக்குப் பெயர் வேண்டியிருக்கும். மதுரை முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று படைக்கும் கொழுக்கட்டைக்கு மூன்று குறுணி அரிசி. அதை 18 படி என்கிறார்கள். குறுணிக்கு 6 படியாகிறது. நாழியும் படியும் ஒன்றே என்று கொள்பவருக்கு இது இடிக்கும். நெல்லைச் சீமைக்குப் போனால் கலத்தின் இடத்தில் கோட்டை நிற்கிறது, அதற்கு 21 மரக்கால்.

அளவுப் பெயர்கள் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறதே, அவ்வளவு பழமையான ஒழுங்கில் குழப்பம் ஏது என்று கேட்கலாம். இலக்கணம் வரையறுத்தது சொல்லை, ஏனத்தை அல்ல. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருந்தால்தான் என்ன என்பது இன்னொரு கேள்வி. வேறுபாடு ஊருக்கு ஊர் மட்டும் இருக்கவில்லை, ஒரே களத்துமேட்டிலும் இருந்தது. 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் போராடியபோது, கள்ள மரக்கால் கூடாது, முத்திரை மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூலி உயர்வோடு இதையும் அவர்கள் சேர்த்துக் கேட்டதைக் கவனிக்க வேண்டும். மரக்கால் சுருங்கிவிட்டால் உயர்த்திய கூலியும் அதற்குள்ளேயே மறைந்துவிடும். கணக்கேட்டிலோ மரக்கால் என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்த ஏட்டை இன்று லிட்டராக்கிப் படிப்பவர், பண்ணையாளுக்குக் கிடைக்காத நெல்லையும் கிடைத்ததாகவே எழுதிவிடுகிறார்.