பௌதிக ஆசிரியர் மீட்ட பழந்தமிழ் யாழ்

கல்வி என்பது ஒரே நதியாய் இருப்பினும், அதனை நாம் பல வாய்க்கால்களாகப் பிரித்து, வாய்க்காலுக்கு ஒரு காவற்காரனையும் வைத்துவிட்டோம். விஞ்ஞானம் பயில்வோன் இலக்கியத்தின் பக்கம் திரும்பான். இலக்கியம் பயில்வோன் கணிதம் என்றால் காத தூரம் ஓடுவான். இசை பயில்வோர்க்கு இவ்விரண்டும் வேண்டா. இப்பிரிவினை நமது நாட்டில் இன்றும் வலிமையுடன் இருக்கின்றது. இதனைத் தம் வாழ்வில் ஏற்க மறுத்த ஒருவர் நம் மட்டக்களப்பு மண்ணிலே தோன்றினார். சுவாமி விபுலானந்த அடிகளாரை நம் இளைஞர் படத்தில் அறிவர். ஆண்டுதோறும் மாலை சாத்தி அறிவர். துறவியாகவும் கல்விக்கூடங்களை நடத்தியவராகவும் அவரைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கின்றது. ஆராய்ச்சியாளராகிய விபுலானந்தரைப் பற்றிப் பேசுவோர் சிலர்; அவர் எழுதிய நூலைத் திறந்து பார்த்தோர் அதனினும் சிலர். ஆதலின் இக்கட்டுரை அந்நூலையும் அதனை ஆக்கிய முறையையுமே பெரிதும் எடுத்துக்கொள்கின்றது.

அடிகளார் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை என்போர்க்கு மகனாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஒன்றையொன்று தேடிச் சேரவேண்டிய நூலும் ஆளும் ஒரே ஆண்டில் வெளிவந்தன என்பது தற்செயலே; ஆயினும் நினைத்து மகிழத்தக்க தற்செயல்.

இளமைத் தமிழ்க் கல்வி வைத்தியலிங்க தேசிகர் முதலியோரிடம் காரைதீவிலேயே அமைந்தது. ஆங்கிலக் கல்வி கல்முனையிலும், பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் நிகழ்ந்தது. 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின் ஆசிரியப் பயிற்சி; ஆசிரியப் பணி. இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஆனால் 1916ஆம் ஆண்டில் மட்டும் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். அவ்வாண்டிலே அவர் கொழும்பில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வர் அவரே என்பர். ஒரு கையில் இரசாயனக் குழாய், மற்றொரு கையில் தொல்காப்பியம்! அக்காலத்தில் இவ்விரு கல்வியும் இரு வேறு உலகங்கள். ஒன்று உத்தியோகம் தருவது. மற்றொன்று மதிப்பைத் தந்தாலும் வயிற்றை நிரப்பாதது. இரண்டையும் ஒருங்கே பயின்றவரைக் கண்டு அயலார் வியந்திருப்பர், சிலர் நகைத்துமிருப்பர்.

இதன்பின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், இலண்டன் பி. எஸ்ஸி. பட்டதாரியாகி 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராகவும் விளங்கினார். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு, 1925இல் இலங்கை மீண்டார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. இவை நம்மவர் நன்கறிந்தவை.

சர்வகலாசாலைப் பணி அவரை இருமுறை அழைத்தது. 1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய்ச் சிதம்பரம் சென்று 1933 வரை அங்கிருந்தார். பின்னர், 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை கொழும்பிலே தொடங்கப் பெற்றபொழுது, அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்து, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். இடையில் 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்தார். கூட்டிப் பார்த்தால் அவர் பேராசிரியப் பதவியில் இருந்த காலம் ஆறேழு ஆண்டுகளே. பதவியால் ஆராய்ச்சி பிறந்தது எனச் சொல்ல இயலாது. ஆராய்ச்சி உடையவரைப் பதவி தேடி வந்தது என்பதே பொருந்தும்.

அவர் துறைகளை எவ்வாறு இணைத்தார் என்பதற்கு இரு சிறு சான்றுகள் கூறுவேன். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' நாடக இலக்கண நூல். ஆங்கில நாடக ஆசிரியர் செகசிற்பியாரின் பன்னிரு நாடகங்களை அங்கே எடுத்துக்காட்டாக வைத்து, வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும் தமிழில் உரைத்து, சிலப்பதிகாரம் குறிக்கும் பழந்தமிழ் நாடக மரபோடு பொருத்திப் பார்க்கின்றார். மூன்று மொழி இலக்கியங்களை ஒரே மேசையில் வைத்த வேலை அது. மற்றொன்று, 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய கலைச்சொல் மாநாடு. அதற்குத் தலைமை தாங்கியவர் அடிகளாரே. பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலியவற்றைத் தமிழிற் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்று பிறர் விவாதித்துக்கொண்டிருக்க, இவற்றை வகுப்பறையிற் கற்பித்த அனுபவமும் பண்டிதப் புலமையும் ஒருங்கே உடைய ஒருவரைத் தலைவராகப் பெற்றது அம்மாநாட்டின் பேறு. அம்முயற்சியின் விளைவான 'கலைச்சொற்கள்' 1938இல் அச்சேறியது.

இனி யாழ்நூலுக்கு வருவோம்.

யாழ் என்னும் கருவி தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பாணர் கையில் அஃது இருந்ததைப் பொருநராற்றுப்படையும், பெரும்பாணாற்றுப்படையும், சிறுபாணாற்றுப்படையும் வருணிக்கின்றன. வருணனை உண்டு, கருவி இல்லை. அதனோடு பழந்தமிழ்ப் பண்களின் இலக்கணமும் மங்கிப்போயிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வரும் இசைச் செய்திகள் படிப்போர்க்குப் புதிராயிருந்தன. அடியார்க்குநல்லார் உரையோ அப்புதிரை அவிழ்ப்பதற்குப் பதிலாகச் சில இடங்களில் மேலும் முடிச்சிட்டது போலத் தோன்றும். உலகின் பிற நாடுகளில் இத்தகைய யாழ் முற்றாக மறையவில்லை. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரப் புதைகுழிகளிலிருந்து பழைய யாழ்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பர்மிய மக்கள் வளைந்த தண்டுடைய 'சௌங்' என்னும் யாழை இன்றும் இசைக்கின்றனர். நமக்கோ சொற்கள் மட்டுமே எஞ்சின.

சொற்களிலிருந்து கருவியை மீட்பது எங்ஙனம்? இங்கேதான் பௌதிக ஆசிரியர் பண்டிதருக்குத் துணையாக எழுந்து வருகின்றார். பழந்தமிழர் இசைக்கு ஏழு நரம்பு கூறினர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றிற்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்தனர், கூட்டினால் 22. பண்டிதர் இந்த எண்களை மனனஞ் செய்வார், அவ்வளவில் நிற்பார். பௌதிகம் பயின்றவர் அவ்வாறு நிற்க மாட்டார். இறுகக் கட்டிய ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு மண்டிலம் உயரும். மூன்றில் இரண்டாக்கினால், நின்ற நரம்பிற்கு ஐந்தாம் நரம்பின் ஓசை பிறக்கும். நான்கில் மூன்றாக்கினால் நாலாம் நரம்பின் ஓசை பிறக்கும். இவை கிரேக்கர் காலந்தொட்டு அறிந்த உண்மைகள். நம் உரைகாரர் ஐந்தாம் நரம்பைக் 'கிளை' என்றும் நாலாம் நரம்பை 'நட்பு' என்றும் உறவுப் பெயரிட்டு வழங்கினர். எண்ணாற் சொல்லும் உறவும் சொல்லாற் சொல்லும் உறவும் ஒன்றே எனக் கண்டபின், புதிரின் முதல் முடிச்சு அவிழ்கின்றது.

பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வரைந்து, அதில் நரம்புகளை நிறுத்தி, ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலையைப் பிறப்பிக்கும் வட்டப்பாலை முறையையும் இக்கணக்கே விளக்கும். குரலிலிருந்து இளி, இளியைக் குரலாகக் கொள்ளின் அதற்கு இளி துத்தம், இப்படியே ஐந்தாம் நரம்பாக எண்ணிச் சென்றால் பன்னிரண்டு அடியில் வட்டம் முடிந்து தொடங்கிய இடத்தை அடையவேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போர்க்கு ஓர் அதிசயம் தெரியும்: வட்டம் சரியாக மூடாது. 36 அங்குல நரம்பொன்றில் இக்கணக்கைச் செய்து, மண்டிலங்களைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ அரை அங்குலம் வேறுபடும். சிறிய வேறுபாடுதான், செவிக்கு எட்டும் வேறுபாடு. நம் வித்தியாலயங்களின் பௌதிக அறையில் நரம்பு கட்டிய ஒலிமானி இருந்தால், உயர்தர வகுப்பு மாணாக்கன் எவனும் இதனை ஒரு பிற்பகலிற் செய்து பார்க்கலாம்.

இம்முறையில் நுழைந்து பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அடிகளார் நூலை அமைத்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் யாழ்வகைகளின் உறுப்பும் அளவும் அங்கே ஆராயப்படுகின்றன. தேவாரப் பண்களும் கணக்கின் துணைகொண்டு ஆராயப்படுகின்றன. நூலைப் படிப்பது எளிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் செய்யுள். அடுத்த பக்கத்தில் பின்னங்களும் அட்டவணைகளும். தமிழாசிரியர் அட்டவணையில் இடறி நிற்பார். கணித ஆசிரியர் செய்யுளில் இடறி நிற்பார். வித்துவான் இரண்டிலும் இடறக்கூடும். மூவரும் ஒரு திண்ணையிற் கூடியிருந்து படித்தால் மட்டுமே நூல் வாய்திறக்கும். நம் சங்கங்களிலே பட்டிமன்றத்திற்குக் கூடுகின்ற நாம் இதற்கு ஏன் கூடலாகாது என்று யான் பலமுறை எண்ணியதுண்டு.

நம் வாவியும் அந்நூலில் இடம்பெற்றிருக்கின்றது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, தண்டின் நுனியை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்துக் கேட்போர்க்கு ஓர் இன்னோசை எழும் என்பது நம்மூரார் அறிந்தது. ஆங்கிலேய அதிகாரியாகிய எமர்சன் தெனன்ற் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனைக் கேட்டு, தமது இலங்கை நூலில் எழுதி வைத்தார். பின்னாளில் அமெரிக்க யேசுசபைக் குருவொருவர் ஒலிவாங்கியை நீருள் இறக்கி அதனைப் பதிவுசெய்தார். அஃது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது மீனா, சிப்பியா என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. அடிகளார் அவ்வோசையை 'நீரரமகளிர்' பாட்டாகக் கற்பனை செய்து யாழ்நூலின் பாயிரவியலில் ஏழிசையோடு இணைத்தார். கணக்கு நிறைந்த ஆராய்ச்சி நூலின் வாயிலில் ஊர் வாவியின் பாட்டை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செயல். வறண்ட ஆராய்ச்சியாளர் அதனைச் செய்யார்.

இந்நூல் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் என்பர். அவ்வாண்டுகள் முழுவதும் இதற்கே கிட்டின என எண்ணலாகாது. பாடசாலை மேற்பார்வை, சஞ்சிகைப் பணி, சர்வகலாசாலை விரிவுரை, பாடத்திட்டக் குழுக்கள் இவற்றின் இடுக்கிலே எழுந்த நூல் இது. புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியாரவர்களின் இராமநிலையத்தில் தங்கி அதனை முடிக்க வாய்த்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளாரின் கணக்கின்படி செய்த முளரியாழ் முதலிய கருவிகள் அங்கே ஊர்வலமாய்க் கொண்டுவரப்பட்டன. சொல்லாய்க் கிடந்த யாழை மக்கள் கண்ணாற் கண்டனர். அதன்பின் ஆறு கிழமையளவே அடிகளார் வாழ்ந்தார். ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே உயிர் பிரிந்தது. உடல் கல்லடி உப்போடையில், அவர் கட்டிய வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. நூலுக்கு எழுந்த வினாக்களுக்கு விடையளிக்கவோ, இரண்டாம் பதிப்பில் திருத்தவோ அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. பிற்கால இசையறிஞர் பண்களுக்கு இக்கால இராகங்களைப் பொருத்துவதில் அவரோடு வேறுபட்டனர். வேறுபடுதல் நூலுக்கு இழுக்கன்று. எண்ணைக் கொண்டு பேசிய நூலாதலால் எண்ணைக் கொண்டு மறுக்கவும் முடிகின்றது. வெறும் புகழுரை நூல்களை யாரும் மறுப்பதில்லை.

அவருக்குப் பின் தமிழ்ப் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை மொழியியலும் கல்வெட்டும் பயின்றவர். பேச்சுத் தமிழில் நாடகம் எழுதியவர். அவ்வழியில் வந்த சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கிராமங்களின் வடமோடிக் கூத்தைப் பேராதனை மேடையில் ஏற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றில் ஆடிய மாணவர், அமிர்தகழியிற் பிறந்த சி. மௌனகுரு. அவர் பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். களரியில் ஆடியவரே அதனை ஆராய்ந்தார். ஆராய்ந்தவரே வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக் கழகத்திலே நுண்கலைத் துறையிற் கற்பித்தார். அண்ணாவிமாரின் தாளக்கட்டு பல்கலைக் கழகப் பாடமாயிற்று. இதனை முன்னே ஒருவர் கேட்டிருந்தால் அண்ணாவிமாரே சிரித்திருப்பர்.

1982இல் கல்லடியில் தொடங்கிய விபுலானந்தா இசை நடனக் கல்லூரி பின்னர் கிழக்குப் பல்கலைக் கழகத்துடன் இணைந்து, சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் என வழங்குகின்றது. இசை பயிலும் பிள்ளைகள் அங்கே நிறைய உளர். அவர்தம் அயலிலேயே பௌதிகம் கற்பிக்கும் வகுப்புகளும் உள. இரண்டிற்கும் நடுவே உள்ள தூரம், நடந்தால் சில நிமிடம்.