டேலி ஆனால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபியும் கையுமாக உட்கார்ந்தால், பெரியவன் அறையிலிருந்து ஒரே 'டிக் டிக்' சத்தம். பத்தாவது படிக்கிறவன் காலங்கார்த்தாலே கேமா என்று சத்தம் போட்டேன். "கேம் ஆடலைப்பா, கேம் செய்யறேன்" என்றான். எட்டிப் பார்த்தால் கணினியில் ஒரு பிழைப் பட்டியல். ஏதோ ஒரு வட்டம் 12 மில்லிசெகண்ட் தள்ளி நிற்கிறதாம். வங்கிக்காரனுக்கு 'டிஃபரன்ஸ்' என்றால் சும்மா இருக்க முடியுமா? தோண்டித் துருவியதில் கிடைத்த கதை இது.

2005ல் ஜப்பானின் இனிஸ் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்காக ஒரு விளையாட்டு செய்தது. பாட்டின் தாளத்துக்குச் சரியாகத் திரையில் வரும் வட்டங்களைத் தொட வேண்டும். அதை முன்மாதிரியாக வைத்து ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் 2007ல் கணினிக்கு 'ஓசு!' என்று ஒன்றை வெளியிட்டார். பெயர் ஓசு, விலையும் ஓசி :-) இதில் எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் வட்டம் என்பதை ஆடுகிறவர்களே எடிட்டரில் அடுக்குகிறார்கள்.

நிமிஷத்துக்கு 180 தட்டு உள்ள பாட்டு என்றால் ஒரு தட்டுக்கு 333.33 மில்லிசெகண்ட். அதில் கால்வாசி 83.33. இந்தக் கோடுகளின் மேல்தான் வட்டம் உட்கார வேண்டும். எல்லாம் அடுக்கிய பிறகு பாட்டின் வேகத்தையோ தொடக்க நேரத்தையோ திருத்தினால், கோடுகள் நகர்ந்துவிடும், வட்டங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடலாம். நூற்றுக்கணக்கான வட்டங்களில் தப்பியதைக் கண்ணால் தேடுவது எப்படி?

முதலில் எடிட்டரிலேயே 'ஏஐமாட்' என்ற சோதனை வந்தது. பிறகு ரசிகர் ஒருவர் எழுதிய 'மேப்செட் வெரிஃபையர்'. 2021ல் புதிய பதிப்பான லேசரின் எடிட்டருக்குள் 'வெரிஃபை' பக்கமே சேர்ந்தது. வட்டம் இருக்கும் நேரத்தையும் மிக அருகிலுள்ள கோட்டின் நேரத்தையும் கழித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். நேரம் முழு மில்லிசெகண்டாகப் பதிவாவதால் 83.33 என்பது 83 ஆகும். இந்த 'ரவுண்டிங் ஆஃப்' வித்தியாசத்தை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2 மில்லிசெகண்டோ அதற்கு மேலோ போனால்தான் பிழை.

பையன் எல்லாவற்றையும் திருத்தினான். பட்டியல் காலி. சந்தோஷமாக நண்பனுக்கு அனுப்பினான். சாயங்காலம் முகம் வாடிக் கிடந்தது. "பாட்டு முழுக்கவே லேட்டா இருக்காம்பா. மூணு வாரம் வேஸ்ட்." பாட்டு தொடங்கும் நேரத்தையே தப்பாகப் போட்டிருக்கிறான். கோடுகளே தப்பு, தப்பான கோட்டில் வட்டங்கள் கச்சிதம். மெஷின் பாவம், என்ன செய்யும்?

பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய கதையைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, பேரேட்டில் எழுதிய காலம். ஒரு நாள் கணக்கு பைசா சுத்தமாக டேலி. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுவாரம் ஒரு பாட்டியம்மா கவுண்டரில் நிற்கிறார், பென்ஷன் வரவில்லை என்று. அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் வரவு வைத்திருந்தேன். பற்றும் வரவும் சமம்தான். ஆனால் அந்த அம்மா ஒரு வாரமாக மருந்து வாங்கவில்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் சில பிழைகள் தெரியாது என்று பி.காமில் மனப்பாடம் செய்ததுதான். அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால்தான் ஓசுவிலும் மெஷின் பார்த்த பிறகு மனிதர்கள் ஆடிப் பார்த்துத்தான் ஒரு மேப்பை ஏற்கிறார்கள்.

அன்று ராத்திரி இருவரும் ஹெட்போனில் ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டு, மெட்ரோனோமைப் போட்டு, தொடக்க நேரத்தைக் காதால் பிடித்தோம். பிறகு வட்டங்களை மொத்தமாக நகர்த்தினான். மூன்று வார உழைப்பு வீணாகவில்லை.

உங்கள் வீட்டில் டிக் டிக் சத்தம் கேட்டால் திட்டுவதற்கு முன் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.