வார்டிலிருந்து மையவாடி வரை: கொவிட் கால ஜனாஸா எரிப்பும் புத்தளம் கரையும்

இலங்கையில் கொவிட்-19 பறித்த முதல் உயிர் புத்தளம் மாவட்டத்து மாராவிலையைச் சேர்ந்த ஒருவருடையது. 2020 மார்ச் 28 அன்று அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் அவர் இறந்தார். இரண்டு நாள் கழித்து, மா ஓயாவுக்குத் தெற்கே நீர்கொழும்பு வைத்தியசாலையில் முஸ்லிம் ஒருவர் இறக்க, அவருடைய உடல் (ஜனாஸா) எரிக்கப்பட்டது. அன்று நடைமுறையில் இருந்த சுகாதார அமைச்சின் வழிகாட்டல் அடக்கம் செய்யவும் இடமளித்திருந்தது. எரிப்பு மட்டுமே என்று அது மாற்றப்பட்டது மார்ச் 31 அன்று. செயல் முந்தியது, விதி பிந்தியது. பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வரிசையே அடித்தளம் என்பது என் கருத்து.

ஏப்ரல் 11 அன்று வெளியான வர்த்தமானி எரிப்பு விதிக்குச் சட்ட வலு கொடுத்தது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை உடல் எரிய வேண்டும் என்று அது வகுத்தது. இறந்தவரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி, கபுறில் (புதைகுழியில்) வைக்கும் முஸ்லிம்களின் கடமைக்கு அதில் இடமே இல்லை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கத்தோலிக்கரும் தம்மவரை அடக்கம் செய்பவர்களே.

இப்படிக் கட்டளையிடும் அதிகாரம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. பம்பாயைப் பிளேக் உலுக்கிய காலம் அது. இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைக் காலனிய அரசு மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்த வரலாறு நமக்குத் தெரியும். அந்தப் பார்வையில் நோயாளி தடுத்துவைக்கப்பட வேண்டியவர். காரணம் கேட்கும் உரிமை உள்ளவர் அல்லர். 1978 அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை மத அனுட்டானத்தை உரிமையாக்கியது. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காக அதை மட்டுப்படுத்த 15(7) இடம் தந்தது. 1984இல் வகுக்கப்பட்ட சிராகுசா கோட்பாடுகளின்படி அத்தகைய மட்டுப்பாடு உண்மையிலேயே தேவையானதாகவும், இருப்பவற்றுள் மிகக் குறைவாக உரிமையைப் பறிப்பதாகவும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2020 மார்ச் 24 அன்றே அடக்கம், எரிப்பு இரண்டும் ஏற்கத்தக்கவை என்று சொல்லிவிட்டது.

அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே அரசு தரப்பு முன்வைத்த முக்கிய வாதம். புத்தளம் கரையின் கற்பிட்டியில் வாழ்பவருக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய சொல் அல்ல. அங்கே மணலைத் தோண்டினால் சில அடியில் தண்ணீர் ஊறும். கடல் உப்புக்கு மேலே மெல்லிய படலமாகத் தங்கியிருக்கும் நன்னீரை நம்பித்தான் தோட்டமும் வீடும். அந்த நீரில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே நீரைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை, நீர்மட்டம் தாழ்ந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது. நாடு முழுவதும் எரிப்பது அல்ல. சுவாச வழியாகப் பரவும் வைரஸ் புதைகுழியிலிருந்து கிணற்றுக்கு வரும் என்பதற்கு யாரும் சான்று காட்டவில்லை.

கட்டாய எரிப்பை எதிர்த்த அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. டிசம்பர் 9 அன்று, பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி, 20 நாள் முஸ்லிம் சிசு பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. அந்த மயானத்தின் வேலியில் மக்கள் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். சில குடும்பங்கள் எரிப்புக்காக உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. உரிமை கோராத உடல்களை எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை கூறினார். மருத்துவ அறநெறியின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. வைத்தியசாலைக்குப் போனால் எரித்துவிடுவார்கள் என்ற பயம் நோயாளியைச் சிகிச்சையிலிருந்தே விலக்கும். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் 2021 ஜனவரி 25 அன்று இதே ஆபத்தைச் சுட்டிக்காட்டினர். அதற்கு முன்பே இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று கூறியிருந்தன. அந்தக் குரல்கள் ஆறேழு மாதம் முன்பே எழுந்திருந்தால் எத்தனை வீடுகள் இந்த வேதனையிலிருந்து தப்பியிருக்கும்!

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்தையும் அனுமதித்து வர்த்தமானி திருத்தப்பட்டது. அடக்கத்துக்கு முதலில் இரணைதீவு குறிக்கப்பட்டு, அங்குள்ளோரின் எதிர்ப்பால் கிழக்கிலுள்ள ஓட்டமாவடி தெரிவானது. மார்ச் 5 அன்று அங்கே முதல் அடக்கம் நடந்தது. புத்தளம் கரையில் இறந்தவரைச் சொந்த ஊர் மையவாடிக்கு (அடக்கத்தலத்துக்கு) கொண்டுசெல்ல முடியவில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை கடந்து மறுகரைக்குப் போக வேண்டியிருந்தது. வேறிடங்களிலும் அடக்க இசைவு கிடைக்க மேலும் ஓராண்டு ஆனது. அதற்குள் ஓட்டமாவடியில் 3,634 பேர் அடக்கமாகியிருந்தனர். அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள், 287 பேர் இந்துக்கள், 270 பேர் பௌத்தர்கள், 85 பேர் கிறிஸ்தவர்கள்.

2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அப்போது கூறப்பட்டது. அடக்கமா எரிப்பா என்பதைத் தெரிவு செய்யும் உரிமைக்குச் சட்டம் இயற்றவும் இசைவு தரப்பட்டது. அந்தச் சட்டம் மயானத்தோடு நின்றுவிடக் கூடாது. மறுபரிசோதனை கேட்கும் உரிமை, முடிவுக்கான காரணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் பெறும் உரிமை, உடல் வைத்தியசாலையை விட்டுப் போகும் முன் நீதவானிடம் முறையிட அவகாசம் ஆகியவை வார்டிலேயே தொடங்க வேண்டும்.