ஹாஸ்கெலில் வகைக் குறிப்பு

ஹாஸ்கெல் நிரலில் ஒரு சார்பு எதை வாங்கிக்கொண்டு எதைத் திருப்பித் தரும் என்று அதன் தலைமேல் எழுதி வைக்கும் ஒற்றை வரி. நிரலர் பேச்சில் டைப் சிக்னேச்சர். முதலில் சார்பின் பெயர், அடுத்து இரட்டை முக்காற்புள்ளி, பிறகு அம்புக்குறியால் கோத்த வகைகள்.

கணினி பிறக்கும் முன்பே வகை பிறந்துவிட்டது. தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களையெல்லாம் திரட்டிய கணம் தனக்கே உறுப்பா, இல்லையா என்ற புதிரில் கணிதம் சிக்கியிருந்தபோது, 1908இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பொருள்களை வகைகளாகப் பிரித்து, அந்தக் கேள்வியையே எழுப்ப முடியாதபடி செய்தார். 1940இல் அலான்சோ சர்ச் தம் லாம்டா கால்குலஸுக்கும் வகைகளைக் கொண்டுவந்தார். வகையை எழுதாமல் விட்டாலும் அதைக் கணித்து எடுக்க முடியும் என்று ரோஜர் ஹிண்ட்லி 1969இலும் ராபின் மில்னர் 1978இலும் தனித்தனியே காட்டினர்.

1987இல் அமெரிக்காவின் போர்ட்லந்தில் நடந்த சந்திப்பில் தொடங்கிய வேலை, 1990 ஏப்ரலில் ஹாஸ்கெலின் முதல் அறிக்கையாக வெளிவந்தது. தருக்கவியலர் ஹாஸ்கெல் கரியின் முதற்பெயர்தான் மொழிக்கு. வடிவமைப்புக் குழுவில் ரிஷியூர் நிகில் என்பவரும் இருந்தார். நீடாமங்கலத்துப் பக்கத்து ஊரின் பெயரை அறிக்கையில் பார்க்கும் தஞ்சைக்காரர் ஒரு கணம் நின்றுதான் நகர்வார். இரட்டை முக்காற்புள்ளி, டேவிட் டர்னரின் மிராண்டா மொழி தந்த வழக்கம்.

டெல்டாவின் நெல் கொள்முதல் நிலையக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே நெல் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கப்படும், விலையோ குவிண்டாலுக்கு.

தொகை :: விலை -> சிப்பம் -> ரூபாய்

புதிதாகப் படிப்பவர் திகைப்பது இரண்டாவது அம்பில்தான். கடைசி அம்புக்கு வலப்பக்கம் இருப்பது விடை; மற்றவையெல்லாம் உள்ளே போகிறவை. விலையை மட்டும் கொடுத்து நிறுத்தினால் பிழை வராது, ‘சிப்பம் -> ரூபாய்’ என்ற புதுச் சார்பு கிடைக்கும். அந்தப் பருவத்து விலையை ஒருமுறை ஏற்றிவிட்டு, வருகிற விவசாயிகளுக்கெல்லாம் சிப்ப எண்ணிக்கையை மட்டும் கொடுத்துக்கொண்டே போகலாம். இந்த உத்தியை 1924இல் மோசஸ் ஷோன்ஃபிங்கல் வெளியிட்டார். பெயரென்னவோ கரிக்குப் போய்விட்டது.

சிப்பம், குவிண்டால் இரண்டையும் ‘டைப்’ என்ற சொல்லால் வெறும் எண்ணுக்கு மறுபெயராக வைத்தால் கம்பைலர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். குவிண்டால் கேட்கிற இடத்தில் 5 சிப்பத்தைக் கொடுத்தால் 200 கிலோ 500 கிலோவாகிவிடும், கேட்பாரில்லை. 1996இல் ஹாஸ்கெல் 1.3 கொண்டுவந்த ‘நியூடைப்’, ஓட்டத்தில் கூடுதல் சுமையில்லாமல் இரண்டையும் வெவ்வேறு வகையாக்குகிறது. கலந்தால் நிரல் தொகுப்பிலேயே நின்றுவிடும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைச் சொல்லும்போது ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று சேர்த்தே சொல்கின்றன. எண் மட்டும் போதாது என்பது ராஜராஜன் காலத்துக் கணக்கருக்கே தெரிந்திருக்கிறது.

மேலே உள்ள ‘தொகை’ வரியை அப்படியே தட்டினால் கம்பைலர் ஏற்காது. வகையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் ஏது பெரிய எழுத்து? பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதுதான்.

கம்பைலரே வகையைக் கண்டுபிடிக்கும் என்றால் எழுதுவானேன்? சார்புக்குள் தவறிருந்தால், அந்தத் தவறுக்கு ஏற்ற வகையையும் அது கணித்துக்கொள்ளும். பிழை வேறெங்கோ, அந்தச் சார்பை அழைக்கும் இடத்தில் வெடிக்கும். குறிப்பு எழுதியிருந்தால் தவறு செய்த சார்பிலேயே பிடிபடும். கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலரில் எச்சரிக்கைகளைத் திறந்துவைத்தால், குறிப்பில்லாத மேல்நிலைச் சார்புகளை அது பெயர் சொல்லிக் கேட்கும்.

தமிழ்நாட்டில் ஹாஸ்கெலைப் பாடமாக நடத்தும் இடங்களில் ஒன்று, சிறுசேரியிலுள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட். அங்கே பணியாற்றும் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் இருவரும் நடத்திய பாடம் என்பிடெல் தளத்தில் இருக்கிறது. மன்னார்குடியில் இருந்தபடியே பார்க்கலாம். கட்டணம் தேர்வு எழுதுவோருக்கு மட்டும்.