சொல்லி அழ ஒருவர்

1880-ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. பிரெஞ்சு அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட பத்து இடங்களைக் கொம்யூன்களாக அமைத்தது. அதே ஆண்டின் இறுதியில் வியன்னா நகரில் ஜோசப் பிராயர் என்ற டாக்டர், பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். தகப்பனாரின் நோய்ப்படுக்கை அருகே இருந்து பணிவிடை செய்தே நோயில் விழுந்தவள் அவள். மனத்தில் கிடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுடைய உபாதைகள் தணிந்தன. 'பேச்சு வைத்தியம்' என்று அதற்குப் பெயர் வைத்தது டாக்டர் அல்ல, நோயாளிதான்!

அந்தப் பேச்சினாலேயே அவள் பூரண குணம் அடைந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. பின்னரும் மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. பிராயரின் இளைய நண்பர் சிக்மண்ட் பிராய்ட் அந்த வழியில் வெகுதூரம் போனார்.

1917-ல் பிராய்ட், துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். துக்கத்தில் உலகம் வெறுமையாகிவிடுகிறது. மனச்சோர்விலோ மனிதன் தானே வெறுமையாகிவிடுகிறான். 'நான் உதவாக்கரை, நான் பாவி' என்று ஓயாமல் தன்னைத் திட்டிக்கொள்கிறான். அந்த வசவைக் கூர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் அவனுக்குப் பொருந்துவதில்லை. அவன் இழந்துவிட்ட வேறொருவருக்கே பொருந்துகிறது என்றார் பிராய்ட். பிறர்மேல் எழுந்த கோபம் உள்ளே திரும்பித் தன்னையே தின்கிறது!

இதைப் படிக்கும்போது நம் ஊர் இழவு வீடு நினைவுக்கு வராமல் போகாது. பாகூர் ஆனாலும் வில்லியனூர் ஆனாலும், மாரடித்து ஒப்பாரி வைக்கும் பெண் போனவரைப் புகழ்வதோடு நிறுத்துவதில்லை. பாதி வழியில் விட்டுப் போனதற்காக அவரோடு வழக்காடுகிறாள். உடன்பிறந்தவன் செய்த குறையையும் மாமியார் செய்த கொடுமையையும் சேர்த்தே சொல்லி அழுகிறாள். ஊரார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் தப்பாக எண்ணுவதில்லை. மனச்சோர்வுக்கு ஒப்பாரியே மருந்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்பும் கோபமும் ஒரே வாயில் வரும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

கருமாதி முடிந்ததும் ஊரார் வயல்வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் பாயைவிட்டு எழ முடியாதவள் யாரிடம் சொல்லுவாள்?

அத்தகையவர்களின் பேச்சைக் கேட்பதை இந்நாட்டில் ஒரு வித்தையாக வளர்த்தவர் கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர போஸ். 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். நேரில் சந்தித்ததே இல்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சீடரும் அல்ல. தம்மிடம் வரும் இந்தியரின் மனம் ஐரோப்பியரின் மனத்தைப் போலவே இயங்குவதில்லை என்று குருவுக்கே எழுதினார்! 1940-ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தோன்றியதும் அவருடைய முயற்சியால்தான். ஆயினும் அந்த வித்தை பெரும்பாலும் நகரத்திலேயே, படித்தவர்களிடையே தங்கிவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. இந்தச் சிகிச்சையில் வாரந்தோறும், அதே நேரத்தில், அதே ஆளிடம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேச வேண்டும். இன்றைய வருத்தத்துக்கு அடியில் கிடக்கும் பழைய இழப்பை இருவரும் தேடுகிறார்கள். மாத்திரை தேவைப்பட்டால் அதுவும் உண்டு. பாகூரில் நாற்று நடும் பெண் கோரிமேட்டு ஜிப்மருக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். வாரந்தோறும் எப்படி வருவாள்? 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசுகிறது. நல்ல வாசல்தான், ஆனால் வாசல் மட்டுமே.

நோயாளிக்குப் பேசத் தெரியாது என்பது வீண் பேச்சு. ஒப்பாரி வைத்த வாய்க்குச் சொல்பஞ்சம் ஏது? ஊரார் கலைந்த பிறகும் உட்கார்ந்து கேட்கப் பழகிய ஒருவர், அவள் ஊரிலேயே வேண்டும். அதுதான் இன்னும் நடக்க வேண்டிய காரியம்.