வெண்மணிக்குப் பிறகு ஒரு ஏக்கர்

‘கிளைமேட் ஸ்மார்ட் வேளாண்மை’ என்ற சொல்லை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2010-ல் ஹேக் மாநாட்டுக்காகத் தயாரித்த அறிக்கையில் முன்வைத்தது. விளைச்சலைக் கூட்டணும், மாறுகிற பருவத்தைத் தாங்கணும், முடிந்தவரை பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கணும். இந்த மூன்றும்தான் அதன் நோக்கம். கொஞ்ச நாளிலேயே இதோடு ‘கிராமப்புறப் பெண்கள்’, ‘மோதலால் பாதிக்கப்பட்ட பகுதிகள்’ என்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. இப்படிப்பட்ட அறிக்கைகளைத் திறந்தால் தெற்கு சூடான், ஏமன், ஆப்கானிஸ்தான் என்று உதாரணங்கள் வரும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த வரலாறு நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கு. இடம் கீழத்தஞ்சை. அந்தச் சொல் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாடியே தொடங்கியது அது.

திருவேங்கடம் மாதிரி கரிசல்காட்டு ஊர்க்காரனுக்குக் காவிரிக் கடைமடையில் என்ன வேலை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கு, கடைசியில் சொல்கிறேன்.

மோதலில் இருந்து ஆரம்பிப்போம். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் நிலம் மிகச் சிலரிடமும் மடங்கள், கோயில்கள், அறக்கட்டளைகளிடமும் குவிந்து கிடந்தது. வயலில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் வந்து சங்கம் கட்டியபோது, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பேசுவதே முதல் வேலையாக இருந்தது. 1952-ல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் முறை ஆட்டம் கண்டது, ஆனால் நிலம் கைமாறவில்லை. அடிமை கூலி ஆனார், அவ்வளவுதான்.

1960-களின் நடுவில் சண்டை கூலி நெல்லைப் பற்றியது. ஒரு பக்கம் செங்கொடிச் சங்கம், இன்னொரு பக்கம் மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970-ல் கீழ்நீதிமன்றம் நில உடைமையாளர்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நடுவில் கணபதியா பிள்ளை குழு கூலியைப் பற்றி விசாரித்தது, 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைந்தது. 1971-ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் நிறையவே நடந்தது. ஆனால் உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலம் அறக்கட்டளை, பினாமி என்று பல பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டது.

வெண்மணிச் செய்தி கேட்டு அந்தப் பகுதிக்கு வந்து, பிறகு வாழ்நாளெல்லாம் அங்கேயே வேலை செய்தவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். கிருஷ்ணம்மாள் 1926-ல் திண்டுக்கல் பக்கம் ஒரு தலித் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெகந்நாதன் இராமநாதபுரம் பக்கத்து வசதியான குடும்பம். 1950-ல் கல்யாணம். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். பூதானத்தின் அனுபவம் அவர்களுக்கு ஒரு பாடம்: தானமாக வந்த நிலத்தில் நல்ல பகுதி தரிசும் வழக்கும்தான். நல்ல நிலத்தை யாரும் மனமுவந்து தருவதில்லை.

அதனால் கீழத்தஞ்சையில் வேறு வழி தேடினார்கள். முதலில் சத்தியாக்கிரகம்; வலிவலம் அறக்கட்டளை நிலத்துக்கான போராட்டம் அதில் பேர்போனது. 1981-ல் உழுபவர்களின் விடுதலைக்கு நிலம் என்ற பொருளில் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் செயல்முறை ரொம்ப எளிமையானது. நிலத்தை விற்க விரும்பும் உடைமையாளரிடம் பேசி விலை முடிப்பது, அரசு நிதி நிறுவனங்களிடமும் வங்கிகளிடமும் கடன் ஏற்பாடு செய்வது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பிரித்துப் பதிவு செய்வது. பதிவு பெண்ணின் பெயரில். போராட்டமும் விலைக்கு வாங்கும் திட்டமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2008-ல் இருவருக்கும் ஸ்வீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தபோது சொல்லப்பட்ட கணக்கும் இதுதான்.

பெண்ணின் பெயரில் பத்திரம் என்பதை நாம் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகக்கூடாது. தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு சட்டப்படி வந்ததே 1989-ல்தான். இந்தியா முழுக்க 2005-ல். அதிலும் அப்பாவிடம் நிலம் இருந்தால்தானே பங்கு? பரம்பரையாக நிலமே இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு வாரிசுச் சட்டம் என்ன தரும்? அந்த இடத்தில் 1980-களிலேயே நேராகப் பெண்ணுக்குக் கிரயப் பத்திரம் என்பது சட்டத்தைத் தாண்டி ஒரு எட்டு முன்னால் வைத்தது.

இப்போது காலநிலைக்கு வருவோம். நாகப்பட்டினம் பகுதி கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இங்கே கடைசியில்தான் வரும், சில வருஷம் வராது. வடகிழக்குப் பருவத்தில் மேலே இருந்து வடிகிற தண்ணீர் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். ஆக ஒரே வயலுக்கு ஆடியில் வறட்சி, கார்த்திகையில் வெள்ளம். மூன்றாவதாக உப்பு. நிலம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடப்பதால் நன்னீர் குறைந்தால் உப்புநீர் உள்ளே ஏறும்.

அந்த மூன்றாவதை மனிதர்களே வேகப்படுத்தியது 1990-களில். கடற்கரை ஓரமாக இறால் பண்ணைகள் வந்தன. குளத்து உப்பு பக்கத்து வயலிலும் குடிதண்ணீர்க் கிணற்றிலும் இறங்கியது. அதோடு வயல் போனால் கூலி வேலையும் போகும். இறால் குளத்துக்கு நாற்று நட ஆள் வேண்டாமே. போராடி நிலம் வாங்கின இடத்திலேயே நிலம் செத்துக்கொண்டிருந்தது. ஜெகந்நாதன் 1994-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பு சொன்னது: கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைகளைத் தவிர இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச்சுக்குள் அகற்றணும். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கிற தீர்ப்பு இது. நடைமுறையில் முழுசாக அமலாகவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்க வழி செய்தது. ஆனாலும் ‘நன்செயை உப்பளம் ஆக்காதே’ என்ற கோரிக்கைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வலுவான பதிவு கிடைத்தது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி. தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். கடல்நீர் வயலுக்குள் வந்து உப்பும் சேறும் படிந்தது. அந்த நிலங்களை மீட்டதில் நம்மாழ்வாரும் அங்கிருந்த இயற்கை விவசாயிகளும் செய்த வேலை முக்கியமானது. மழைத் தண்ணீரைத் தேக்கி வடியவிட்டு உப்பைக் கழுவுவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, குழியடிச்சான் மாதிரி உப்பைத் தாங்கும் பழைய நெல்லைத் திரும்பக் கொண்டுவருவது. வெள்ளத்துக்கு உயரமாக வளரும் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா. பக்கத்துத் திருத்துறைப்பூண்டியில் ‘நெல்’ ஜெயராமன் இந்த ரகங்களைத் தேடிச் சேர்த்து 170-க்கும் மேல் மீட்டார். ஆராய்ச்சி நிலையங்களும் சும்மா இல்லை. வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கிற சப்-1 மரபணு சேர்த்த சி.ஆர். 1009 இப்போது டெல்டாவில் பரவலாக இருக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வருகிற விஷயம். மேலே சொன்ன ஒவ்வொரு உத்தியையும் பாருங்க. தக்கைப்பூண்டு போட்டால் பலன் இந்தப் போகத்தில் முழுசாக வராது. உப்பைக் கழுவ இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். வரப்பை உயர்த்துவது, வடிகால் வெட்டுவது, பண்ணைக்குட்டை தோண்டுவது எல்லாம் பல வருஷத்துக்கான முதலீடு. அடுத்த வருஷம் இந்த நிலம் என்னிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைக்காரரோ, கூலிக்கு வருகிறவரோ இதைச் செய்யமாட்டார். செய்யவும் கூடாது, அது அவருக்கு நஷ்டம். விதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே பட்டாவில் இருந்துதான் தொடங்குகிறது.

பேரிடர் வந்தாலும் அப்படித்தான். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பாங்க. கூட்டுறவுக் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அதேதான். 2019-ல் தொடங்கின வருஷத்துக்கு 6,000 ரூபாய் திட்டமும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, கையில் காகிதம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஐ.நா. அமைப்பு 2011-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும்: ஆண்களுக்குக் கிடைக்கிற அதே நிலம், கடன், இடுபொருள் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களுடைய வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும் என்று. இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பொறுப்பு பெண் பெயரில் இருக்கிற கைப்பற்றுகள் சுமார் 14 சதவீதம்தான். வயலில் வேலை செய்கிற பெண்களின் எண்ணிக்கையோடு இதை வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். விதைப் பயிற்சி, மொபைல் ஆப், வானிலைக் குறுஞ்செய்தி எல்லாம் நல்லதுதான். மழை வரப்போகுது என்று போனில் செய்தி வருது. ஆனால் அறுவடையைத் தள்ளிப்போடவா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர் வேறொருவர் என்றால் அந்தச் செய்தியால் என்ன பயன்?

அதே நேரம் லாஃப்டி கதையைத் தேவதைக் கதை ஆக்கவும் கூடாது. கடைமடையில் ஒரு ஏக்கர், ஒரு போகம்: அதை மட்டும் வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. கடனும் அடைக்கணும். அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்து பெண்களின் கூலி நாட்கள் குறைந்துவிட்டன. சாதியும் போய்விடவில்லை. ஆனால் கூலி பேசும்போது கையில் ஒரு ஏக்கர் இருக்கிறவருக்கு ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியும். வெண்மணியில் அதைச் சொன்னதற்கான விலை 44 உயிர். அந்த வித்தியாசம்தான் அந்த ஒரு ஏக்கரின் மதிப்பு.

இனி கரிசல். எங்க பக்கம் கடைமடை கிடையாது, மடையே கிடையாது, மானாவாரிதான். புரட்டாசி மழையை நம்பி விதைக்கிற நிலம். சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி, பருத்தி என்று கலந்து போட்டது ஒரு காலம். மழை பொய்த்தால் ஒன்று போகும், இன்னொன்று நிற்கும். காப்பீடு அந்தக் கலப்பிலேயே இருந்தது. விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுப் பானையில் காத்தது பெண்கள். இப்போது நிறைய இடத்தில் மக்காச்சோளம் மட்டும். 2018-ல் படைப்புழு வந்தபோது ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்று எல்லாரும் பார்த்தோம். மோதலும் நமக்குப் புதுசில்லை. 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளமும் அதற்குப் பின்னால் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களும் இந்தத் தலைமுறையின் நினைவில் உள்ளவை. ஆண்கள் வெளியூர் போக, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்த கையோடு காட்டையும் பார்ப்பது பெண்கள். ஆனால் பட்டா பல வீட்டில் இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில், கூட்டாகக் கிடக்கு.

இந்தக் கரிசலுக்கு ஒரு ஏக்கர் வாங்கித்தருவது மட்டும் போதாது. வறண்ட நிலத்துக்குப் பொருந்துகிற வேறொரு வழியை 1994-ல் ஷீலு பிரான்சிஸ் முதலானோர் தொடங்கிய தமிழ்நாடு பெண்கள் இணைப்புக் குழு காட்டியிருக்கிறது: நிலமில்லாத பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்துச் சிறுதானியமும் பயறும் கலந்து போடுவது. 2013-ல் உணவு இறையாண்மைப் பரிசில் சிறப்புப் பாராட்டு இதற்குக் கிடைத்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ குழு விவசாயமும் இதே தடத்தில்தான். ஆனால் குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால், டெல்டாவில் சொன்ன அதே சிக்கல் இங்கேயும் வரும்: மண்ணை யார் தேற்றுவது?

அதனால்தான் கரிசல்காரனுக்குக் கடைமடை வரலாறு தேவைப்படுகிறது. அங்கே வரிசை இப்படி இருந்தது: முதலில் கூலிக்கான சண்டை, பிறகு நிலம், அதுவும் பெண் பெயரில், பிறகு அந்த நிலத்தை உப்பிலிருந்து காப்பது, கடைசியில் விதை. இன்றைய திட்ட அறிக்கைகள் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கின்றன. எங்க பக்கம் யாராவது சிறுதானியத் திட்டம், காலநிலைத் திட்டம் என்று வந்தால், விதைப் பொட்டலத்தை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் காட்டின் பட்டா யார் பெயரில் இருக்கு? அதை மாற்ற உங்க திட்டத்தில் ஒரு வரியாவது உண்டா?